கோவூரின் நிபந்தனைகள்

உடன்குடி கடைத்தெருவில் கருப்பட்டி வாங்க வரும் வெளியூர்க்காரர் முதலில் விலையைக் கேட்கிறார். உள்ளூர்க்காரர் அது யாருடைய விளையில் காய்ச்சியது என்று கேட்கிறார். பதநீர்ப் பருவம் கழிந்த பிறகும் குறையாமல் வந்து குவியும் கருப்பட்டி எங்கிருந்து வருகிறது என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. சீனிப் பாகைச் சிரட்டையில் ஊற்றி இந்த ஊரின் பெயரிலேயே விற்பதும் நடக்கிறது. ஒரு துண்டை உடைத்து நாக்கில் வைத்து, இனிப்புக்கு அடியில் அந்த மெல்லிய கரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் பையை நீட்டுவார்கள்.

அப்படிச் சோதித்து வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குத் தெரிந்தவர். கடந்த ஆண்டு அவருடைய கைப்பேசிக்கு ஒரு காணொலி அழைப்பு வந்தது. திரையில் காவல் சீருடை, பின்னால் அலுவலகம் போன்ற அறை. அவர் பெயரில் அனுப்பப்பட்ட பொட்டலத்தில் போதைப்பொருள் இருந்ததாம், வழக்குப் பதிவாகிவிட்டதாம், விசாரணை முடியும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாதாம், எவரிடமும் பேசக் கூடாதாம். இரண்டு நாள்கள் வீட்டுக்குள்ளேயே கைதியாக இருந்தார். சேமிப்பில் பெரும்பகுதி போயிற்று. நான்கு மாதங்கள் தம் மகனிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னபோது, அந்த ஆளிடம் எதையும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

கருப்பட்டியைச் சோதிக்கத் தெரிந்தவருக்குக் காவல் சீருடையைச் சோதிக்கத் தெரியாமல் போனது எப்படி? இந்தக் கேள்வியோடுதான், கல்லூரி நாள்களில் படித்துவிட்டு அலமாரியில் போட்டிருந்த ஆபிரகாம் கோவூரின் நூலை மறுபடி கையில் எடுத்தேன். இன்றைய இளைஞர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கடற்கரையில் அது நன்கு அறிந்த பெயர். எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் பலர். ஊருக்குத் திரும்பும்போது துணிமணிகளோடும் சவர்க்காரத்தோடும் கோவூரைப் பற்றிய கதைகளையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஆபிரகாம் தோமஸ் கோவூர் 1898 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தார். தந்தை மார்த்தோமா சிரியன் திருச்சபையின் உயர்நிலைக் குருக்களில் ஒருவர். காலையும் மாலையும் வழிபாடு நடக்கும் வீடு. அந்த வீட்டிலிருந்து கல்கத்தாவின் வங்கவாசி கல்லூரிக்குப் படிக்கப் போனார் கோவூர். அவர் தம்பியும் உடன் படித்தார். விலங்கியலும் தாவரவியலும் அவருடைய பாடங்கள்.

கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் ஊரார் கங்கை நீர் கேட்பது வழக்கம். அவ்வளவு தூரம் குடத்தைச் சுமந்து வர மனமில்லாத அண்ணனும் தம்பியும் வழியில் கிடைத்த சாதாரண நீரைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டார்களாம். சில நாள்களில், அந்த நீரால் நோய் தீர்ந்தது, வலி போனது என்று வாங்கிச் சென்றவர்கள் நன்றி சொல்ல வந்தார்களாம். பிற்காலத்தில் கோவூர் இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு பொருளின் மீது வைத்த நம்பிக்கையே பலனைத் தந்ததாகத் தோன்றச் செய்யும் என்ற பாடம் அவருக்கு இங்கேதான் தொடங்கியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் கதைக்குச் சாட்சி கோவூர் மட்டுமே. பிறர் சொன்னதை அவர் எந்தத் தராசில் நிறுத்தாரோ அதே தராசில் அவர் சொன்னதையும் நிறுத்திப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கேரளத்தில் சிறிது காலம் கற்பித்துவிட்டு 1928-இல் இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். மெதடிஸ்த சபையார் நடத்திய அந்தப் பள்ளியின் அதிபர், குருவின் மகன்தானே என்ற எண்ணத்தில் மேல்வகுப்புக்கு விவிலியப் பாடத்தையும் அவரிடமே ஒப்படைத்தார். தேர்வில் மாணவர்கள் சிறப்பாகத் தேறினார்கள். ஆனால், அடுத்த ஆண்டு அந்தப் பாடம் வேறொருவருக்குப் போயிற்று. காரணம் கேட்ட கோவூரிடம், மதிப்பெண்கள் எல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கின்றன, ஆனால் பிள்ளைகளிடம் இருந்த பக்தி போய்விட்டது என்று அதிபர் சிரித்தபடியே சொன்னாராம். ஒரு பாடத்தை மனப்பாடம் செய்யவிடாமல் வரிக்கு வரி கேள்வி கேட்கவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது வேடிக்கையான சான்று. அந்த அதிபரின் பெருந்தன்மையும் குறிப்பிடத்தக்கது. பாடத்தை மாற்றினாரேயன்றி ஆசிரியரை நீக்கவில்லை.

அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் இலங்கையின் பல பள்ளிகளில் ஆசிரியப் பணி. 1959-இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 61. அந்த வயதில் பலர் ஈசிசேரை வாசலில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கோவூரின் பொதுவாழ்க்கை அப்போதுதான் தொடங்கியது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவரானார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வெள்ளவத்தை, பாமன்கடை ஒழுங்கையில் இருந்த தம் வீட்டுக்குப் பிறந்த ஊரின் பெயரையே வைத்திருந்தார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களும், கல் விழும் வீட்டுக்காரர்களும், செய்வினைக்குப் பயந்தவர்களும் அந்த வீட்டைத் தேடி வந்தார்கள்.

கல் விழும் வீடுகளில் அவர் கையாண்ட முறை எளியது. கூரையைப் பார்க்க மாட்டார். வீட்டு மனிதர்களைப் பார்ப்பார். யார் மனத்தில் குறை இருக்கிறது, யார் பேச்சை எவரும் கேட்பதில்லை, கல் விழும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவார். ஒவ்வொரு முறையும் கல்லுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது என்றே அவர் பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலும் அது ஏதோ ஒரு துயரம் தாளாத இளம் வயதினரின் கையாக இருந்தது. அவர்களைக் காட்டிக்கொடுத்து ஊர் நடுவே நிறுத்தாமல், ரகசியமாகப் பேசித் தீர்த்த நிகழ்வுகளும் உண்டு. அவருடைய ஆய்வுக் குறிப்புகளிலிருந்து உருவான கதை 1972-இல் மலையாளத்தில் புனர்ஜென்மம் என்ற படமாகவும், மறு ஆண்டு டி.ஆர்.ராமண்ணா இயக்கத்தில் தமிழில் மறுபிறவி என்ற படமாகவும் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பலர் கோவூரின் பெயரை முதலில் கேட்டது திரையரங்கில்தான்.

ஆனால், அவரை உலகறியச் செய்தது 1963-இல் அவர் விடுத்த சவால். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பரிசு. அன்று அது பெருந்தொகை. சவால் என்ற சொல் நம் மேடைகளில் தேய்ந்துபோன ஒன்று. எவரும் எவருக்கும் விடுக்கிறார்கள். கோவூரின் சவாலில் கவனிக்க வேண்டியவை பரிசுத்தொகைக்குக் கீழே இருந்த நிபந்தனைகள்.

முத்திரையிட்ட உறைக்குள் ஒரு ரூபாய்த்தாள். அதன் வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்கு விளக்கவுரை தேவையில்லை, நடுவர் தேவையில்லை, ஏறக்குறையச் சரி என்ற பேச்சுக்கும் இடமில்லை. எண் சரி அல்லது தவறு. எதிர்காலத்தையே அறிந்தவருக்கு ஒரு காகித உறை தடையாக இருக்க முடியுமா?

தீயைப் பற்றிய நிபந்தனை இன்னும் நுட்பமானது. எரியும் தணலின் மீது அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், கொப்புளம் வரக் கூடாது என்றார். நடக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கதிர்காமத்தில் தீ மிதிப்பு எப்படி இயலுகிறது என்பதைக் கொழும்பு மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா போன்றோர் ஆராய்ந்தார்கள். தணல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். வேகமாக நடக்கும்போது பாதம் அதில் படும் நேரம் மிகக் குறைவு. காய்த்த பாதம் அதைத் தாங்கும். விரதம் இருந்தவரும் நடக்கலாம், இல்லாதவரும் நடக்கலாம். எங்கள் பக்கத்துப் பூக்குழித் திருவிழாக்களில் நேர்ந்துகொண்டு இறங்குபவர் எவரையும் ஏமாற்றவில்லை. அது அவருடைய வேண்டுதல். ஆனால், பூக்குழி இறங்கியதையே தம் தெய்வீக ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டி, அதன்மேல் காணிக்கை வசூலிப்பவருக்கு நில் என்ற ஒரு சொல் போதும். நடப்பதற்கும் நிற்பதற்கும் உள்ள அந்த வேறுபாட்டை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்ததுதான் கோவூரின் திறமை.

சோதிடர்களுக்கும் கைரேகைக்காரர்களுக்கும் தனி நிபந்தனை. பத்துப் பேருடைய சாதகங்கள் அல்லது கைரேகைப் பதிவுகள் தரப்படும். ஒவ்வொன்றும் ஆணுடையதா பெண்ணுடையதா, உரியவர் உயிரோடு இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று சொல்ல வேண்டும். ஐந்து விழுக்காடு பிழையை மன்னிக்கவும் அவர் அணியமாக இருந்தார். ஏன் பத்து? ஒன்றைச் சொல்லச் சொன்னால் குருட்டு ஊகம்கூடப் பாதி நேரம் சரியாக வந்துவிடும். பத்துப் பேருக்கும் இரண்டு கேள்விகளுக்கும் ஊகத்தாலேயே சரியான விடை சொல்லும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. சொன்னது பலித்தது என்று நம் வீடுகளில் பேசப்படும் கதைகள் எல்லாம் பலித்த ஒன்றை வைத்துச் சொல்லப்படுபவை. பலிக்காத ஒன்பதுக்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. கோவூர் அந்த ஒன்பதையும் சேர்த்து எண்ணச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இன்னொன்று. சோதனைக்கு வருபவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். தோற்றால் அது திரும்பாது. வெறும் விளம்பரத்துக்காக வந்து போகிறவர்களைத் தவிர்க்க அவர் செய்த ஏற்பாடு அது. யோசித்துப் பார்த்தால் மோசடியின் முழு இயக்கத்தையும் அது தலைகீழாக்குகிறது. இரிடியத்தில் முதலீடு என்பார். ஆவணச் செலவுக்கு நாம் பணம் கட்ட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்பார். பதிவுக் கட்டணம் நாம் கட்ட வேண்டும். பரிசு விழுந்தது என்பார். வரி நாம் கட்ட வேண்டும். உரிமை கோருகிறவர் எதையும் இழப்பதில்லை. நம்புகிறவரே முன்பணம் தருகிறார். கோவூர் அதை மாற்றினார். ஆற்றல் இருக்கிறது என்று சொல்பவர் முதலில் தம் பணத்தை மேசைமீது வைக்கட்டும் என்றார்.

பதினைந்து ஆண்டுகள் அந்தச் சவால் நிலுவையில் இருந்தது. புகழ்பெற்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பரிசை எவரும் வெல்லவில்லை.

அவர் வாழ்வில் நடந்தவற்றில் இன்றைய வாசகருக்கு அதிகம் பயன்படக்கூடியது ஒரு கடிதத்தின் கதை. ஆந்திரத்தைச் சேர்ந்த, நாடறிந்த சாமியார் ஒருவரைப் பற்றி அப்போது ஓர் அற்புதம் பரவியிருந்தது. ஜப்பானின் சீகோ கைக்கடிகார நிறுவனத்தின் உரிமையாளர் அவரைக் காண வந்தாராம். ஜப்பானில் பெட்டகத்துக்குள் பூட்டி வைத்துவிட்டு வந்த, இன்னும் விற்பனைக்கே வராத புதிய மாதிரிக் கடிகாரத்தைச் சாமியார் காற்றிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். ஊர் திரும்பிப் பெட்டகத்தைத் திறந்தால் கடிகாரம் இல்லையாம். அடர்ந்த தலைமுடியுள்ள ஒருவர் உள்ளே நடந்து வந்து எடுத்துச் சென்றதாகச் செயலாளர் சொன்னாராம். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். உலகறிந்த நிறுவனம், பெயருள்ள பொருள், பூட்டிய பெட்டகம், நேரில் பார்த்த செயலாளர். சந்தேகப்படுபவருக்கு வேண்டிய எல்லா விவரமும் அதில் இருக்கிறது. இன்று கைப்பேசியில் வரும் வதந்திகளும் இப்படித்தான் அமைகின்றன. மருத்துவர் பெயர் இருக்கும், மருத்துவமனைப் பெயர் இருக்கும், தேதியும் இருக்கும். விவரம் மிகுந்தால் உண்மை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நம்பிய எவரும் செய்யாத, மறுத்த பலரும்கூடச் செய்யாத ஒன்றைக் கோவூர் செய்தார். அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதினார். உங்கள் தலைவருக்கு இப்படி நடந்ததா என்று கேட்டார். பதிலும் வந்தது. தமக்கு அந்தச் சாமியாரைத் தெரியவே தெரியாது என்று நிறுவனத் தலைவர் எழுதியிருந்தார். ஆண்டுக்கணக்கில் உலவிய கதைக்கு ஓர் அஞ்சல் தலையின் விலையில் விடை கிடைத்துவிட்டது.

செய்தி எந்த இடத்தைச் சுட்டுகிறதோ அந்த இடத்திடமே கேட்பது. அதுவும் செய்தி கொண்டுவந்தவர் கொடுத்த எண்ணில் கேட்காமல், நாமே தேடி எடுத்த முகவரியில் கேட்பது. கோவூர் அந்தச் சாமியாரின் அடியவர்களிடம் சீகோவின் முகவரியை வாங்கவில்லை. என் ஆசிரியை அந்த இரண்டு நாள்களில் ஐந்து நிமிடம் அழைப்பைத் துண்டித்துவிட்டு உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு நடந்து போயிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது என்ற கட்டளை அதைத் தடுக்கத்தான். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்ற ஒன்றே இல்லை என்பதை 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொல்ல வேண்டியிருந்தது. காணொலியில் எவரையும் கைதுசெய்ய முடியாது; விசாரணைக்காகப் பணத்தை மாற்றச் சொல்லும் அதிகாரமும் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

1970-களில் கோவூர் இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றினார். மேடையில் பேசுவதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். காற்றிலிருந்து திருநீறு வரும். கஞ்சி சேர்த்துச் சாம்பலை உருட்டிக் காயவைத்த வில்லையை விரலிடுக்கில் மறைத்துக்கொண்டால் போதும் என்பது பிறகு விளங்கும். நாவில் கற்பூரம் எரியும். இந்த வழியில் வந்தவர்கள்தான் பிற்பாடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் செம்பருத்திப் பூவைத் தேய்த்த கத்தியால் எலுமிச்சையை வெட்டி ரத்தம் வரவழைத்துக் காட்டினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று ஆரத்தி கரைக்கும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதையே கோடாங்கி செய்தால் நடுங்குகிறோம். வித்தையை ஒருமுறை தன் கையால் செய்துபார்த்த சிறுவன் அதற்குப் பிறகு அதே வித்தையில் ஏமாறுவது அரிது. கோவூரின் பாதிப்பில் பொதுவாழ்க்கைக்கு வந்த பி. பிரேமானந்த், கோவை போத்தனூரில் இருந்துகொண்டு 2009-இல் தாம் இறக்கும்வரை இந்தப் பணியையும் அந்தச் சவாலையும் தொடர்ந்தார்.

கோவூரை முழுதாக ஏற்க எனக்குச் சில தடைகள் உண்டு. அவர் நாத்திகர். கடவுள் நம்பிக்கையையும் கடவுளின் பெயரால் நடக்கும் மோசடியையும் அவர் ஒரே பட்டியலில்தான் வைத்தார். எனக்கு அவை ஒன்றாகத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போகும் ஒருவரும் கோவூரின் நிபந்தனைகளைக் கைக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். அவர் எழுத்தில் ஏளனமும் மிகுதி. தம் அற்புதத்தை ஆராய விடாதவர் அயோக்கியர், ஆராயத் துணியாதவர் ஏமாளி, சரிபார்க்காமல் நம்புபவர் முட்டாள் என்ற பொருளில் அவர் மனிதர்களைப் பிரித்து வைத்தது மேடையில் கைதட்டல் பெற்றிருக்கும். ஏமாளி என்ற அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் என் ஆசிரியை நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணை அன்றே அழைத்திருந்தால் வங்கிகள் பணத்தை இடையிலேயே முடக்க ஓரளவு வாய்ப்பு இருந்திருக்கும். வெட்கம் அந்த வாய்ப்பைக் கெடுத்தது. மோசடிக்காரர்களுக்கு நம் பேராசையும் அச்சமும் எவ்வளவு உதவுகின்றனவோ, ஏமாந்தவரைப் பார்த்து நாம் சிரிக்கும் சிரிப்பும் அவ்வளவு உதவுகிறது. கல் எறிந்த பிள்ளைகளிடம் காட்டிய கனிவைக் கோவூர் தம் வாசகரிடமும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்.

இன்னொரு நெருடல். உளவியல் சார்ந்த அமானுட நிகழ்வுகளின் ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்ற உலகின் ஒரே மனிதர் என்று அவரைப் பற்றிய அறிமுகங்களில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும். உலகின் ஒரே என்பதை யார் எண்ணிப் பார்த்தார்கள்? பட்டம் தந்த அமெரிக்க நிறுவனத்தின் தகுதி என்ன? சீகோவுக்குக் கடிதம் எழுதியவரின் வாசகர்கள் இதையும் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக நூலட்டையிலிருந்து நூலட்டைக்கு அந்த வரி அப்படியே நகர்ந்துகொண்டிருக்கிறது. தமக்குப் பிடித்தவரைப் பற்றிய செய்தியைச் சரிபார்க்காமல் அனுப்பும் பழக்கம் பகுத்தறிவாளர்களையும் விடவில்லை.

இந்தக் குறைகளால் நிபந்தனைகளின் கூர்மை மங்கிவிடவில்லை. தென்மாவட்டங்களில் மட்டுமன்றித் தமிழகம் முழுவதும் இன்னும் பிடிபட்டுக்கொண்டிருக்கும் இரிடியம் மோசடியை எடுத்துக்கொள்வோம். கோபுரக் கலசம், பழைய செம்புப் பாத்திரம், இடி விழுந்ததால் அதற்குச் சக்தி, அரிசியை ஈர்க்கும், வெளிநாட்டில் கோடிகளுக்கு வாங்குகிறார்கள். செய்தும் காட்டுவார்கள். அரிசி நகரும். பார்த்தவர் நிலத்தை விற்றுப் பணம் கட்டுவார். இரிடியம் உண்மையில் இருக்கும் ஓர் உலோகம்தான், பிளாட்டின வகையைச் சேர்ந்தது, அரிசியை ஈர்க்காது. ஆனால், இந்த வேதியியல்கூட வேண்டியதில்லை. கோவூராக இருந்தால் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருப்பார்: அரிசியை நான் என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். காந்தமும் இரும்புத்தூள் ஏற்றிய அரிசியும் அந்த ஒரு வரியில் செயலிழந்துவிடும். அதற்கு அவர்கள் ஒப்பமாட்டார்கள். நேரம் சரியில்லை, உங்கள் வீட்டு அரிசியில் தோஷம் என்பார்கள். அந்த மறுப்பே போதும்.

யுபிஐ மோசடியிலும் அப்படித்தான். பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால், என் எண் எதற்கு என்ற கேள்வி ஒன்றே நிபந்தனை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவைப்படுவதே இல்லை.

1974-இல் கோவூரின் மனைவி அக்கம்மா இறந்தபோது, உடலை எந்தச் சடங்குமின்றிக் கொழும்பு மருத்துவ பீடத்துக்குக் கொடுத்தார். கோவூரைப் புற்றுநோய் தாக்கியது. தீராது என்று தெரிந்த பிறகும், தம்மைத் தேடிவந்த நேர்த்திகளையும் அற்புதச் சிகிச்சைகளையும் அவர் ஏற்கவில்லை. 1978 செப்டம்பர் 18 அன்று, எண்பது வயதில் இறந்தார். கண்கள் கண் வங்கிக்கும் உடல் மருத்துவ பீடத்துக்கும் போயின. எலும்புக்கூட்டைத் தாம் கடைசியாகக் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்துக்குத் தர வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். பேய்க்கதைகளில் பிள்ளைகளை அச்சுறுத்தும் அதே எலும்புக்கூடு, விலா எலும்பு எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்காக வகுப்பறைக்குப் போனது.

ஆசிரியைக்கு நான் அந்த நூலைக் கொடுத்து மூன்று மாதமாகிறது. போன வாரம் உடன்குடி பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஏளனம் செய்யும் பக்கங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னும் திருப்பித் தரவில்லை.